பச்சையாக நின்ற சாவி

கீழ்வேளூருக்குக் கிழக்கே ஒரு கடைமடை ஊரில் குஞ்சிதபாதத்துக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் இருந்தது. அவருடைய தாய் தகப்பன் ஆயுசு முழுக்க அடுத்தவர் வயலில் உழைத்தவர்கள். அந்தக் குடும்பத்தில் சொந்த வயலில் விதைத்த முதல் ஆள் அவர்தான்.

உள்ளே அரிசி பிடிக்காமல் வெறும் உமியாகப் போன நெல்லை அந்தப் பக்கத்தில் சாவி என்பார்கள். சிறுவயதில் அவருக்கு அது நல்ல சொல்லாகத்தான் இருந்தது. களத்தில் தூற்றி முடித்ததும் சாவிக் குவியலை வேலையாட்களுக்கு விட்டுவிடுவார்கள். அவர் அம்மா அதை மறுபடி புடைத்து, தப்பிக் கிடந்த நெல்மணிகளை மடியில் கட்டிக்கொண்டு வருவாள்.

அந்த வருஷம் ஆனியில் தண்ணீர் வந்ததை நம்பிக் குறுவை விதைத்தார். கதிர் வெளியே வரும் சமயம் வாய்க்கால் நின்றுபோனது. நாலு நாளில் வந்துவிடும் என்றார்கள். வரவில்லை. குளத்திலிருந்து இன்ஜின் வைத்து இறைத்தார். குளம் வெறும் சேறாகும்வரை இறைத்தார். ஒரு காலையில் மனைவி காளியம்மாள் ஒரு கதிரை உருவி நசுக்கிப் பார்த்தாள். பால் இல்லை. அவரிடம் மெதுவாகச் சொன்னாள். மறுநாளும் மண்வெட்டியோடு வயலுக்குத்தான் போனார்.

பாதிப்பைக் கணக்கெடுக்க ஃபஹ்மிதா என்ற வேளாண் அலுவலர் வந்தாள். சென்னைப் பெண், வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

"எல்லாம் சாவிங்க மேடம்," என்றாள் காளியம்மாள்.

"யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டாள் ஃபஹ்மிதா. இன்ஜின் கொட்டகைச் சாவி என்று நினைத்துவிட்டாள்.

காளியம்மாள் ஒரு கதிரை ஒடித்து அவள் உள்ளங்கையில் கசக்கிக் காட்டினாள். உமி மட்டும் ஒட்டிக்கொண்டது. ஃபஹ்மிதாவுக்கு வெட்கமாகிவிட்டது. செல்போனில் அகராதியைத் தேடினாள். பூட்டைத் திறக்கும் சாவி போர்ச்சுகீசியர் கொண்டுவந்த சொல், இது வேறு, இது தமிழிலேயே பிறந்தது என்று படித்துச் சொன்னாள்.

"சாகுறதுங்கிற சொல்லுலேருந்துதான் வந்திருக்குங்க ஐயா."

ஐம்பது வருஷம் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறார் குஞ்சிதபாதம். அதற்குள் சாவு இருப்பது ஒரு நாளும் அவர் காதில் விழுந்ததில்லை. அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"பச்சையாத்தானேம்மா நிக்குது," என்றார்.

பயிர் முழுக்க அழிந்தது என்ற தாளில் கையெழுத்துப் போட்டால்தான் நிவாரணம் வரும் என்று மட்டும் ஃபஹ்மிதா தயங்கித் தயங்கிச் சொன்னாள். காகிதத்தை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பிறகு போட்டார்.

அடுத்த வாரம் ஆட்டுக்காரரை அவரே கூப்பிட்டு வந்தார். ஆடுகள் கதிரும் தாளுமாக மேய்ந்து முடிக்கும்வரை வெயிலில் நின்று பார்த்தார். காளியம்மாள் கூப்பிட்டும் சாப்பிட வரவில்லை.

ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. வாய்க்கால் நிரம்பி ஓடியது.

"ஏங்க, ஊரே நடவு நடுது. வெதை இருக்கு," என்றாள்.

"என்னால முடியாது காளி. இன்னொரு தடவை பாக்க முடியாது."

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போய்விட்டார். நிலத்தைக் காளியம்மாள் பக்கத்து வயல்காரர் துரைராசுவிடம் குத்தகைக்கு விட்டாள். அந்தப் போகம் நன்றாக விளைந்தது.

மாசியில் இரண்டு நாள் லீவில் வந்தார். இளைத்திருந்தார். அறுவடை மிஷின் ஓடும் சத்தம் வீடுவரை கேட்டது. நம் வயல்தான், ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வாங்க என்றாள். அவர் சட்டையைக்கூட மாட்டிக்கொண்டார். வாசல்வரை போனவர், திரும்பி வந்து சுவரோரமாகப் படுத்துக்கொண்டார். தோள் குலுங்குவது தெரிந்தது. காளியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கைவைத்திருந்தாள்.

மறுநாள் காலை முதல் பஸ்சுக்கே கிளம்பினார். பையைத் தூக்கிக்கொண்டு கூடவே போனாள். இருங்க என்று அவள் சொல்லவில்லை. பஸ் போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.