சரிம்மா, நல்லது

வீடுகளுக்கு மரத்தளம் போடுகிறவர் அவர். இரண்டு முழங்காலிலும் ரப்பர் பட்டை கட்டிக்கொண்டு நாள் முழுக்க மண்டியிட்டே வேலை செய்வதால் 'முட்டி மேஸ்திரி' என்று பெயர் விழுந்துவிட்டது. கடற்கரையை ஒட்டிய வீடுகளுக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். கடல்காற்றின் ஈரம் மரத்தைச் சும்மா விடாது, ஊதும், வளையும். அதனால் பலகைகளை அந்த வீட்டுக்குள்ளேயே பத்து நாள் பிரித்து அடுக்கி, அந்தக் காற்றுக்குப் பழக்கிய பிறகுதான் பசை தடவ உட்காருவார். சுவரோரம் விரல் கனத்துக்கு இடைவெளி விடுவார். அவசரப்படுத்துகிறவர்களிடம், "மரம் நெளிய இடம் வேணும்ங்க. இல்லன்னா அடுத்த மழைக்கே உங்க ஹால் நடுவுல கூடாரம் அடிச்சு நிக்கும்" என்பார்.

மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். ஒரே மகள் எட்டு மணி நேரப் பஸ் தூரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். வேலை நடக்கிற வீடுகள் பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கும். தன் வீட்டுக்குப் போய்த்தான் என்ன என்று அங்கேயே பாயை விரித்துவிடுவார்.

முப்பது வருஷம் பலகை அறுக்கும் மிஷின் பக்கத்தில் நின்றதில் காது அவரைக் கைவிட்டது. முதலில் இடது, பிறகு வலதும் மங்கியது. யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஒட்டிய பலகை கீழே பிடித்திருக்கிறதா என்பதைத் தட்டிப் பார்த்து, சத்தத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். காது கேட்காதவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

மகள் போன் செய்தால் பாதிதான் விழும். திரும்பத் திரும்பக் கேட்டால் அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும். அவள் நிறுத்துகிற இடத்தில் எல்லாம் "சரிம்மா, நல்லது" என்று சொல்லிவைப்பார். இரண்டு வருஷமாக அப்படியே ஓடியது.

ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவரின் வீட்டில் வேலை நடந்துகொண்டிருந்தது. வியாழக்கிழமை மகள் கூப்பிட்டாள். வழக்கத்தைவிட நீளமாகப் பேசினாள். அவர் வழக்கம்போலச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மிஷின் ஓடிய நேரத்தில், பக்கத்து அறையில் கிடந்த போனில் ஒன்பது மிஸ்டு கால் விழுந்திருந்தது. சாயங்காலம் பார்த்துத் திருப்பிக் கூப்பிட்டார், அவள் எடுக்கவில்லை. கை வேலையாக இருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் டீச்சர் வந்து தளத்தில் நடந்து பார்த்தார். ஜன்னலோரம் நின்றுவிட்டார்.

"மேஸ்திரி, இங்க பொக்குன்னு கேக்குதே."

அவர் மண்டியிட்டுத் தட்டினார். அந்தப் பலகையும் பக்கத்துப் பலகையும் அவருக்கு ஒன்றாகவே இருந்தன.

"உங்களுக்குக் கேக்கலையா?"

"கேக்குதுங்க" என்று பொய் சொன்னார். "மாத்துப் பலகை வீட்டுல இருக்கு. எடுத்துட்டு வந்து போட்டுத் தர்றேன்."

பலகை எடுக்கப் போனபோது, தன் வீட்டு வாசலில் எதிர்வீட்டுப் பெண் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு இயல்பிலேயே பெரிய தொண்டை. அவள் பேச்சு மட்டும் அவருக்கு முழுசாக விழும்.

"எங்கண்ணே போயிருந்தீங்க? நேத்துக் காலையில உங்க பொண்ணு ரெண்டு பெட்டியோட வந்து நின்னுச்சு. எங்க வீட்டுக்கு வாம்மான்னேன். 'இல்லக்கா, அப்பா வந்துருவாரு'ன்னு மத்தியானம் வரைக்கும் இந்தப் படியிலேயே உக்காந்திருந்துச்சு. அப்புறம் ஒண்ணும் சொல்லாம கிளம்பிடுச்சு."

ரெண்டு பெட்டி. உள்ளே போய் எழுத்துக் கூட்டி மகளுக்கு அனுப்பினார். "ரெண்டு வருசமா எனக்குக் காது சரியா கேக்கல. வியாழக்கிழமை நீ சொன்னது எதுவும் விழல. என்னன்னு எழுதும்மா."

வெகு நேரம் கழித்துப் பதில் வந்தது. "இனிமே அவரோட இருக்க முடியலப்பா, கிளம்பி வந்துடட்டுமான்னு கேட்டேன். சரிம்மா, நல்லதுன்னு சொன்னீங்க. அந்தத் தைரியத்துலதான் வந்தேன்."

இதற்கு முன்னால் எத்தனை தடவை அவள் கஷ்டத்தைச் சொல்லி, அத்தனைக்கும் நல்லது என்று சொன்னோமோ என்று நினைத்துப் பார்த்தார். "இப்பவும் அதத்தான் சொல்றேன். வா" என்று அனுப்பினார்.

அவள் வரவில்லை. வேறோர் ஊரில் தோழி வீட்டில் தங்கி, அங்கேயே ஒரு வேலை தேடிக்கொண்டாள். கோபமெல்லாம் இல்லை என்றாள். மறுமாதம் ஒரு நாள் வந்து, அவரைக் காது டாக்டரிடம் கூட்டிப்போய்க் கருவி பொருத்திவிட்டு, சாயங்கால பஸ்ஸுக்கே திரும்பினாள். டீச்சரிடமும் அவர் உண்மையைச் சொல்லி, ஒவ்வொரு பலகையாக டீச்சரையே தட்டிக் கேட்கச் சொல்லியிருந்தார். சரியாக ஒட்டாதவை இன்னும் இரண்டு அகப்பட்டன. மாற்றிக் கொடுத்தார்.

இப்போதும் வாரம் ஒரு போன் வருகிறது. கருவி போட்டும் சில வார்த்தைகள் நழுவும். "திரும்பச் சொல்லும்மா" என்று கூச்சப்படாமல் கேட்கிறார். அவளும் சொல்கிறாள். எப்போதாவது ஒரு தடவை மட்டும், கொஞ்சம் நிறுத்தி, "ஒண்ணுமில்லப்பா, விடுங்க" என்கிறாள். அது அவருக்குத் தெளிவாகவே கேட்கிறது. போனை வைத்துவிட்டு, அடுத்த பலகைக்குப் பசை தடவுகிறார்.