வந்தாச்சு!

அண்டார்டிகா கடலில் ஐந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரே கப்பலில் இருந்தோம். சேர்ந்து செய்த மிதவைக் கருவியை அன்று கடலில் விட்டோம். குளிர்காலம் முழுக்கப் பனிக்கட்டிக்கு அடியில் கடலின் வெப்பத்தை அளந்து, பனி உருகியதும் மேலே வந்து அது தகவல் அனுப்ப வேண்டும்.

கயிற்றை அவிழ்த்ததும் நார்வே தோழி இங்க்ரிட் "குட்பை" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊரில் யாரையும் அப்படி அனுப்ப மாட்டோம் என்று சண்டைக்கே போனேன். எல்லோரும் சிரித்துக்கொண்டே, நான் சொல்லித் தந்தபடி, "போயிட்டு வா!" என்று கத்தினார்கள். திரும்பி வந்தால் "வந்தாச்சு" என்று சொல்வதையும் கற்றுக்கொண்டார்கள்.

பனி உருகும் மாதம் வந்தது, கருவி வரவில்லை. விடுப்பில் என் ஊரான செம்பட்டிக்கு வந்திருந்த எனக்குச் சோறே இறங்கவில்லை.

ஒரு காலை, அம்மா உலை வைத்திருந்த நேரத்தில் வீடியோ கால். இங்க்ரிட்டும் மொத்தக் கூட்டமும் திரையில் குதித்தார்கள்: "வந்தாச்சு! வந்தாச்சு!"

அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். "யாரு வந்துருக்கா? அரிசி கூடப் போடவா?"

"போடும்மா! அஞ்சு நாட்டு ஆளுகளுக்கும் போடு!"

அறிவியலுக்கும் "போயிட்டு வா" என்பதற்கும் சம்பந்தமில்லைதான். ஆனாலும் அதைச் சொல்லாமல் இனி ஒரு கருவியையும் கடலில் விட மாட்டேன்.