துக்க வீட்டுக்கு வந்த வாழ்த்து

பளபளக்கும் தாளில் சுற்றிய சிவப்பு ரோஜாக்கள். அபிராமபுரத்தில் அந்த வீட்டுக் கூடத்தில், ஐஸ் பெட்டியைச் சுற்றி நாங்கள் அமர்ந்திருந்தபோது, பூக்கடைக்காரர் அந்தப் பொக்கேயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். மாலையை முன்பே வைத்துவிட்டிருந்தார்.

"இன்னொண்ணு கீது சார். 'புதுத் தலைவருக்கு வாழ்த்துகள்'னு போட்டுகீது. இங்க யாரு சார் அது?"

நான்தான் அது. பெட்டிக்குள் இருந்தவர் முந்தைய தலைவர். விமான உதிரிபாகங்கள் செய்யும் எங்கள் நிறுவனத்தில், பிற நிறுவனங்களை வாங்கி இணைக்கும் பிரிவை அவர் நடத்தினார். நான் அவருக்கு அடுத்த நிலையில் இருந்தேன். வயதில் இளையவர் என்பதால் என்னை அண்ணா என்றே அழைப்பார். பெருங்குடியில் ஒரு தொழிற்சாலையை வாங்கும் ஒப்பந்தம் கையெழுத்தாகும் தறுவாயில், எதிர்பாராமல் மாரடைப்பில் போய்விட்டார். கையெழுத்திட ஒரு தலைவர் வேண்டும் என்று இயக்குநர்கள் மறுநாளே என்னை நியமித்தார்கள். நான் மறுக்கவில்லை. அவருடைய மனைவியிடம் நானே சொல்லும்வரை செய்தி வெளியே போகக்கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டேன், அவர்களும் இசைந்தார்கள். அலுவலகத்தில் யாரோ மாலையையும் பொக்கேயையும் ஒரே கடையில் சொல்லி, ஒரே முகவரியைக் கொடுத்துவிட்டார்கள்.

எழுந்து போய் அதை வாங்கிக்கொண்டேன். வாங்கிய பிறகு எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இறந்தவரின் தாயார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்குள்ள வேற ஆள் போட்டுட்டாளா? அவனை இன்னும் ஆத்த விட்டே எடுக்கலியே."

குரலில் கோபமில்லை, உண்மையாகவே கேட்டார். இறந்தவரின் மனைவிதான் பதில் சொன்னார்.

"அண்ணாவைத்தானேம்மா போட்டிருக்கா. யாரோ வந்து ஒக்காராம." பிறகு என்னிடம், "அவரோட படிக்கற கண்ணாடி மேஜை டிராயர்லதான் இருக்கும். ஒங்க ரூம்தானே இனிமே. ஒரு நாள் எடுத்துண்டு வாங்கோ" என்றார்.

'ஒங்க ரூம்தானே இனிமே' என்ற அந்த மூன்று சொற்களில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அலுவலகம் போய்ப் பார்த்தபோது டிராயரில் கண்ணாடி இல்லை. அறையை ஏற்கெனவே காலி செய்து, அவர் பொருள்களை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு லிஃப்ட் அருகே வைத்திருந்தார்கள். கதவில் என் பெயர்ப்பலகை இருந்தது. காரியங்கள் முடிந்தபின் அந்த அட்டைப்பெட்டியை நானே அவர் வீட்டுக்குச் சுமந்துகொண்டு போனேன். அவர் மனைவி கண்ணாடியை எடுத்து, புடவைத் தலைப்பால் துடைத்து, அலமாரியில் வைத்தார். உங்களிடம்தான் முதலில் சொல்ல நினைத்தேன் என்று தொடங்கினேன். அவர் கையமர்த்தினார்.

"அதெல்லாம் எதுக்குண்ணா? அந்த ரூம் ஏசி இன்னும் சொட்டறதா? தலைமேலயே சொட்டறது, எத்தனை தடவை சொன்னாலும் யாரும் பாக்க மாட்டேங்கறான்னு தெனம் பொலம்புவார்."

"இப்ப சொட்டறதில்லைம்மா."

"அப்பாடா" என்றார், உண்மையான நிம்மதியோடு.

என் பெயர்ப்பலகையை மாட்டிய அன்றே ஆள் வரவழைத்து அதைச் சரிசெய்துவிட்டார்கள் என்பதை நான் சொல்லவில்லை. இன்றும் அங்கேதான் அமர்கிறேன். அறை நன்றாகக் குளிர்கிறது.