அழைத்தவன்தான் அனுப்ப வேண்டும்

எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. அச்சரப்பாக்கம் பக்கம் எங்கள் ஊர் அம்மன் கோயிலில் பம்பை அடிப்பவன் நான். பம்பை முழங்கினால்தான் ஆத்தா வருவாள். அடியைத் தணித்தால்தான் ஆளை விட்டு மலையேறுவாள். வருஷா வருஷம் அண்ணன் மேல்தான் வருவாள். அவன் ஆடுவான், நான் நிதானமாக நின்று அனுப்பிவைப்பேன்.

அப்படிப்பட்ட எனக்கே புத்தி பிசகியது. பத்து நாள் தூங்காமல் பேசிக்கொண்டே திரிந்தேன். மருந்தில் தெளிந்த பிறகும் அண்ணன் பம்பையைத் தொடவிடவில்லை.

"உன்னையே உன்னால அடக்க முடியல. ஆத்தாவ நீ இன்னாடா மலையேத்தப் போற?" என்றான்.

மாத்திரையைவிட அந்தப் பேச்சு கசந்தது. கண்மூடிக் கும்பிட எனக்கு வராது. அடிப்பதுதான் என் கும்பிடு. வேறு ஒருவர் அடித்த அந்த வருஷம் அண்ணன் ஆடவும் இல்லை.

கோவளத்தில் ஒரு மனநல மையத்துக்கு வாரம் இரண்டு நாள் போய்வந்தேன். படம் வரையலாம், பாடலாம், களிமண் பிசையலாம். ஒருநாள் டாக்டரம்மா, அவரவர் சாமியை அவரவருக்குத் தெரிந்தபடி காட்டச் சொன்னார். நான் பம்பைக்குப் பதில் இரண்டு பிளாஸ்டிக் பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன். ரொம்ப நாள் பசி. யோசிக்காமல் ஆத்தாவை அழைக்கும் அடியையே அடித்துவிட்டேன்.

நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்து, அங்கே சிகிச்சைக்கு வந்த பெண் ஒருத்தி, மாசக்கணக்கில் தலை நிமிராதவள், கொண்டை அவிழ எழுந்து ஆடினாள். நர்ஸ் ஊசி எடுக்க ஓடினார். நான் அடியை நிறுத்தாமல் கத்தினேன்.

"ரெண்டு நிமிசம் குடுங்க டாக்டரம்மா. இட்டாந்தது நானு. நானே அனுப்பிவெச்சிடறேன்."

டாக்டரம்மா அவளை விழாமல் பிடித்துக்கொண்டு தலையசைத்தார்.

அடியைக் குறைத்தேன். கை வேகமாகப் போகத் துடித்தது. என் நெஞ்சில் ஏறிய அந்தச் சூட்டை எனக்கு நன்றாகவே தெரியும்; தூங்காத அந்தப் பத்து நாளும் ஏறியது அதுதான். விடவில்லை. அவள் மூச்சைப் பார்த்துப் பார்த்துத் தணித்தேன். கடைசித் தட்டில் அவள் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். ஊசிக்கு வேலையில்லை.

சாயங்காலம் என்னைக் கூட்டிப்போக வந்த அண்ணனிடம் அவளே போய்ச் சொன்னாள்.

"உங்க தம்பி அடிச்சாருண்ணா. அதுலதான் எனக்கு அடங்குச்சு. மனசு இப்படி லேசா இருந்து ரொம்ப நாளாச்சு."

மருந்தை மட்டும் விடக்கூடாது என்றார் டாக்டரம்மா. பஸ் செங்கல்பட்டைத் தாண்டும்வரை அண்ணன் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான்.

ஆடி மாசம் கூழ் ஊற்றிய நாளில் பம்பையை அவனே என் இடுப்பில் கட்டினான். முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, சட்டையைக் கழற்றி, சாமி ஆடுகிற இடத்தில் போய் நின்றான்.