துப்பும்வரை பேச மாட்டாள்

வரப்பில் நான் இருந்தேன். என் மனைவி இருந்தாள். என் தம்பி இருந்தான். அறுப்பு மெஷின் டிரைவர் இருந்தார். குரும்பகரத்தில் எங்கள் வயல் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர். அதில் சம்பா. அது போனால் அந்த வருடம் வீட்டில் நெல் இல்லை.

கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. இரண்டு நாள் கனமழை என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பக்கத்து வயலை முடித்த மெஷின் எங்கள் வரப்போரம் உறுமிக்கொண்டு நின்றது.

“எறக்கவா, வேணாமாண்ணே? இப்ப போனா திரும்பி வர பத்துப் பாஞ்சு நாளாவும்” என்றார் டிரைவர்.

அறுத்துவிட வேண்டும், அதுதான் எனக்குத் தோன்றியது. ‘எறக்கு’ என்று சொல்லப் போனேன். மனைவி கையைக் காட்டி நிறுத்தினாள். முந்தானையில் முடிந்திருந்த வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவி வாயில் போட்டாள்.

தம்பி தலையில் கை வைத்தான். “போச்சு. வானம் இடிஞ்சு விழுவுது, அண்ணி வெத்தல போடுறாங்க.”

போட்டால் துப்பும்வரை அவள் பேச மாட்டாள். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். பயம் வந்தாலும் கோபம் வந்தாலும் வெற்றிலை. மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள் ‘இப்பவே பதில் சொல்லுங்க’ என்று நெருக்கியபோதும் போட்டுக்கொண்டாள். அவளுக்குப் பயமே இல்லை என்பார்கள் ஊரில். அன்று ஒரே வெற்றிலையில் இரண்டு தடவை சுண்ணாம்பு தடவியதை நான் பார்த்தேன்.

மென்றபடியே வயலில் இறங்கினாள். ஒரு கதிரை ஒடித்து, அடி நெல்லை நகத்தால் நசுக்கினாள்.

“அண்ணி, துப்பிட்டு ஒரு வார்த்த சொல்லுங்க!” என்று தம்பி கத்தினான்.

“டீசல் எரியுதுக்கா” என்றார் டிரைவர். “அடுத்த வெத்தல நான் வாங்கித் தரேன், இத துப்பிடுங்க.”

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. துப்பினாள்.

“அடி நெல்லுல இன்னும் பாலு நிக்குது. பச்சையா அறுத்து மழையில எங்க காய வைப்பீங்க? குவிச்சு வச்சா அவிஞ்சு போயிடும். டிரைவர் தம்பி, நீங்க கெளம்புங்க. என்னங்க, மண்வெட்டிய எடுங்க. நெல்லு நனைஞ்சா நனையட்டும். தண்ணி தேங்கக் கூடாது.”

வரப்பை வெட்டித் தண்ணீரை வாய்க்காலில் விடலாம் என்பது எங்களுக்குத் தெரியாததா? தெரியும். அந்த நேரத்தில் எனக்கும் தோன்றவில்லை, தம்பிக்கும் தோன்றவில்லை. அறுக்கலாமா வேண்டாமா என்பதிலேயே சுற்றிக்கொண்டிருந்தோம்.

மூன்று பேருமாகக் கீழ் வரப்பை வெட்டிவிட்டோம். மழை கொட்டியது. அது விடும்வரை அவள் சரியாகச் சாப்பிடவில்லை. வெட்டிய இடம் அடைத்துக்கொண்டதா என்று குடையோடு போய்ப் போய்ப் பார்த்தாள். மூலையில் கொஞ்சம் பயிர் சாய்ந்தது. மற்றதெல்லாம் நின்றது.

பிறகு அதே டிரைவர் வந்து அறுத்தார். மூட்டை முப்பத்தொன்று. அந்த வருடம் வீட்டு நெல்லுக்குக் குறையில்லை.