ஹெல்மெட் தட்டுகிறவர்

பெங்களூரில் மாதம் ஒருமுறை நாங்கள் ப்ரோகிராம் எழுதுகிறவர்கள் கூடுவோம். மர்பி டவுன் பகுதியிலிருந்து ஒருவர் தவறாமல் வருவார். கட்டை மீசை, மடிப்புக் கலையாத சட்டை. ஹெல்மெட்டை மடியில் வைத்து விரலால் தட்டிக்கொண்டே இருப்பார். பேசுகிறவர் தப்புச் செய்தால் தட்டுவது நிற்கும். அதனாலேயே அவரைக் கண்டால் எனக்கு ஆகாது.

அங்கே யார் ப்ரோகிராமையும் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். மேலே எழுதியவர் பெயர் இருக்கும் வரியை மட்டும் நீக்கக்கூடாது. நான் முதல்முறை பேசிய அன்று, எனக்கு வேலை தருவதாகச் சொன்னவர் முன்வரிசையில் இருந்தார். அவரை அசத்துவதற்காக, எவரோ எழுதியதைப் பெயரை அழித்துவிட்டு என்னுடையதாகக் காட்டினேன்.

தட்டல் நின்றது.

"மேல ஒரு வரி இருந்துச்சே, எங்க சார்?" என்று தமிழிலேயே கேட்டார்.

"ஏன், அது உங்க பேரா?" என்றேன்.

"இல்ல. எழுதினவரு பேரு மறந்துபோச்சு. நீங்க சொல்வீங்கன்னு பார்த்தேன்."

பாதிக் கூட்டம் சிரித்தது. முன்வரிசைக்காரர் சிரிக்கவில்லை. வேலையும் கிடைக்கவில்லை.

அதன்பிறகு நாலு முறை பேசினேன். நாலு முறையும் எழுதியவர் பெயரை முதலிலேயே பெரிதாகப் போட்டேன். அந்த ஆள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தட்டிக்கொண்டிருந்தார். சரி என்கிறாரா, என்னை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லையா? இன்னும் எனக்கு எரிவது அதுதான்.