புறப்பட்ட வண்டி நிற்கக்கூடாதா?

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மல்லிகா கதவைத் தட்டினாள். "அக்கா, அவருக்கு ஆக்சிடென்ட்டாம்... வாங்கக்கா, எனக்கு ஒண்ணும் புரியல!" போட்டது போட்டபடி கிடக்க, தீவில் இருக்கும் எங்கள் ஜெலுத்தோங் ஃபிளாட்டிலிருந்து கடல் பாலத்தைத் தாண்டி அக்கரை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

மல்லிகாவின் கணவர் சேகர் ட்ரெய்லர் ஓட்டுபவர். சாதாரணச் சரக்கு இல்லை. ராட்சத இரும்புத் தொட்டி, மெஷின் என்று ரோட்டையே அடைத்துக்கொண்டு போகுமே, அது. பின்னால் மாட்டிக்கொண்டு நீங்களும் நானும் ஹாரன் அடித்துத் திட்டுவோமே... அதே வண்டிதான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பாலா உட்கார்ந்திருந்தான். சேகரின் ட்ரெய்லருக்குப் பின்னால் காவலாக வரும் எஸ்கார்ட் வண்டியை ஓட்டுபவன். சட்டையெல்லாம் ரத்தம். அவனுடையது இல்லை.

"உசுருக்கு ஒண்ணும் இல்ல அண்ணி" என்றான் மல்லிகாவிடம். "வலது காலுதான்... முட்டிக்குக் கீழ நசுங்கிருச்சு. காப்பாத்தப் பாக்குறோம்னு டாக்டர் சொல்றாரு."

காலைக் காப்பாற்றுவார்களா, எடுத்துவிடுவார்களா? எங்களுக்கு வேறு நினைப்பே இல்லை. பிரேக்கை மிதிக்கிற கால் அது. அந்த வீட்டுக்குச் சோறு போடுகிற கால்.

என்னதான் நடந்தது? பாலாதான் சொன்னான்.

காலையில் பட்டர்வொர்த் யார்டில் தொட்டியை ஏற்றி, செயின் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். சூடம் காட்டி, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்பியிருக்கிறார்கள். நல்லது. புதுக் கார் வாங்கி எலுமிச்சம்பழம் நசுக்காதவர் நம்மில் யார்? ஆனால் சேகருக்கு ஒரு விதி உண்டு — பழத்தை நசுக்கிப் புறப்பட்ட வண்டி போய்ச் சேரும்வரை வழியில் நிற்கக்கூடாது. நின்றால் அபசகுனம். சிவப்பு விளக்குக்கு மட்டும் விலக்கு!

கனமான சுமை ஏற்றினால், கொஞ்ச தூரம் போனதும் ஓரங்கட்டி, இறங்கி, செயினை மறுபடி இறுக்க வேண்டும். குலுங்கலில் தொய்ந்துவிடுமாம். இது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். சேகருக்கும் தெரியும். யார்டிலேயே கூடுதலாக இறுக்கிவிட்டால் போதும் என்பது அவர் எண்ணம்.

பின்னால் வந்த பாலா பார்த்துவிட்டு வாக்கி டாக்கியில் சொல்லியிருக்கிறான்: "அண்ணே, செயின் ஆடுதுண்ணே!"

"பாதி வழியில நிப்பாட்டச் சொல்றியா? இன்னும் கொஞ்ச தூரத்துல ஜூரு வந்துரும்லா தம்பி. எறக்குற எடத்துல போய்ப் பாத்துக்கலாம்."

தொட்டியை இறக்க வேண்டிய ஜூரு வருவதற்குள் ஒரு கார் குறுக்கே வெட்டியது. சேகர் பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது. தொட்டி நிற்கவில்லை... முன்னால் சரிந்து கேபினை நசுக்கிவிட்டது.

மல்லிகா பாலாவின் சட்டையைப் பிடித்தாள். "பாத்தியேடா! முன்னால போயி உன் வண்டிய குறுக்க நிறுத்தியிருக்கலாம்ல?"

பாலா அழுதுவிட்டான். "எனக்கும் பயம் அண்ணி. நான் நிப்பாட்டி, அதனாலயே ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் யாரைத் திட்டுவது? பத்திரிகை அடித்தாயிற்று என்று, மாப்பிள்ளையின் லட்சணம் தெரிந்த பிறகும் பெண்ணை மணவறையில் உட்கார வைக்கிறவர்கள்தானே நாம்? சகுனம் என்றால் நடுங்குகிறோம். கண்ணெதிரே ஆடுகிற செயின் மட்டும் நம்மைப் பயமுறுத்துவதே இல்லை.

செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் செய்து அந்தக் காலை எடுத்துவிட்டார்கள்.

மயக்கம் தெளிந்ததும் சேகர் போர்வையைப் பார்த்தார். பிறகு பாலாவைக் கிட்டே கூப்பிட்டார்.

"இன்னொரு தடவ நான் நிக்க மாட்டேன்னு சொன்னா கேக்காத தம்பி. குறுக்க வந்து நிப்பாட்டிரு."

பாலா சரி என்று தலையாட்டினான். மல்லிகா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இன்னொரு தடவையா... எந்தக் காலால் ஓட்டப் போகிறார், சொல்லுங்கள்?